பார்க்கின்சன்: இது நோயா, மாத்திரையா, மாத்திரை போட்ட நேரமா?

காவிரிக்கரை_மருந்தாளுநர்

இந்தப் பிரிவில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான். நடக்கும்போது கால் ஒட்டிக்கொள்கிறது, ராத்திரி மூலையில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார், எழுந்தால் கண் இருட்டுகிறது. "நோய் முற்றிவிட்டதா, மாத்திரையைக் கூட்டலாமா?" மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். கூட்டினால் இரண்டாவதும் மூன்றாவதும் மோசமாகவே செய்யும். ஒரே இழையில் எல்லாவற்றையும் போட்டு வைப்போம். அளவும் நேரமும் குறிப்பிட்டு எழுதினால் பிறகு தேடி வருபவர்களுக்கு உதவும்.

மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரையான லெவோடோபா–கார்பிடோபா அட்டையில் 110, 125, 275 என்று இருக்கும் எண் இரண்டு மருந்தின் கூட்டுத்தொகை. 110 என்றால் 100+10, 125 என்றால் 100+25, 275 என்றால் 250+25. அதாவது 110-லும் 125-லும் லெவோடோபா ஒரே அளவுதான். கூடுவது கார்பிடோபா. லெவோடோபா மூளைக்குள் போவதற்கு முன்பே வழியில் டோபமைனாக (இந்த நோயில் மூளையில் குறைந்துபோகும் ரசாயனம்) மாறிவிடாமல் தடுப்பது அதன் வேலை. அதற்கு ஒரு நாளைக்கு 70 முதல் 100 மி.கி. வரை கார்பிடோபா தேவை. 110-ஐ மூன்று வேளை போட்டால் கிடைப்பது 30 மி.கி.தான். குமட்டல் வருகிறது, "மருந்து ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது லெவோடோபா இல்லை, கார்பிடோபா போதாததுதான் காரணம். 125-க்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பிரச்சினையானாலும் முதலில் மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள். மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நன்றாக நடமாடிய நேரம், இறுகிப்போன நேரம், உடம்பு தானாக நெளிந்த நேரம். இது இல்லாமல் மருந்தை மாற்றுவது குருட்டுக் கணக்கு.

---

தென்னந்தோப்பு

காலை 7 மணி மாத்திரை அரை மணியில் வேலை செய்கிறது. மதியம் 1 மணி மாத்திரை மட்டும் பல நாள் பிடிப்பதே இல்லை. அதே அட்டை, அதே அளவு. ஏன்?

---

உணவியல்_மதுரை

1 மணிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். பருப்புக் குழம்பு, தயிர், முட்டை, மீன். அதில்தான் விஷயம் இருக்கிறது.

லெவோடோபாவும் ஒரு அமினோ அமிலம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் இதுவும் சிறுகுடலில் ஒரே கடத்தி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும்போதும் அதே போட்டி. கூட்டம் அதிகமானால் மாத்திரை வெளியே நிற்கும். அதனால் சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு, இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தண்ணீரோடு போட வேண்டும். பாலோடு மாத்திரை கொடுக்கும் பழக்கம் நிறைய வீட்டில் இருக்கிறது, அதை முதலில் நிறுத்துங்கள்.

இதைக் கேட்டவுடன் பருப்பையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. இந்த நோயில் எடை தானாகவே குறையும், தசை கரையும். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் புரதம் ஒரு நாளில் உள்ளே போயாக வேண்டும். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பெரும்பங்கை ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளினால் பகல் நடமாட்டம் காப்பாற்றப்படும். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவைப்படாது. மருந்து வேளைக்கு வேளை தேயத் தொடங்கிய பிறகுதான் இது.

இரும்புச் சத்து மாத்திரை தனிக் கதை. அது லெவோடோபாவைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

---

காவிரிக்கரை_மருந்தாளுநர்

மேலே சொன்னதோடு மலச்சிக்கலையும் சேருங்கள். இந்த நோயில் இரைப்பையும் மந்தம். மாத்திரை இரைப்பையிலேயே கிடந்தால் பயனில்லை, அது உறிஞ்சப்படுவது சிறுகுடலின் மேல்பகுதியில். லெவோடோபாவின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் நரம்பு செல்கள் அதைச் சேமித்து வைத்து மெதுவாக விடும், அதனால் மூன்று வேளை போதும். செல்கள் குறையக் குறையச் சேமிப்பு இல்லை. அப்புறம் ரத்தத்தில் ஏறி இறங்குவது அப்படியே உடம்பில் தெரியும்.

---

தென்னந்தோப்பு

டோபமைன் குறைவதுதான் நோய் என்றால் மலச்சிக்கல், மூக்கு மணம் தெரியாமல் போவது, தூக்கத்தில் கத்தி உதைப்பது இதெல்லாம் எங்கிருந்து வருகிறது?

---

நரம்பியல்_வாசகன்

டோபமைன் செல்கள் சாவது நோயின் பாதி வழியில்தான். கைநடுக்கம் வெளியே தெரியும்போது நடுமூளையில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் பாதியளவு செல்கள் ஏற்கெனவே போயிருக்கும்.

ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து செல்லுக்குள் கட்டியாகிறது. அந்தக் கட்டிகளை 1912-இல் ஃபிரிட்ஸ் லூயி விவரித்தார், அதனால் லூயி உருண்டை என்று பெயர். அவை எதனால் ஆனவை என்பது தெரிய 1997 வரை ஆனது. 2003-இல் பிராக் குழுவினர் இறந்தவர்களின் மூளைகளை வரிசைப்படுத்திப் பார்த்து ஒரு பாதையைச் சொன்னார்கள். முதலில் மணம் அறியும் குமிழும், குடலை ஆளும் வேகஸ் நரம்பின் மூலமும். பிறகு மூளைத்தண்டில் தூக்கத்தையும் மனநிலையையும் ஆளும் கருக்கள். அதற்குப் பிறகுதான் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. கடைசியில் மேல்மூளை. எல்லோருக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை, அது குறித்து சண்டை இன்னும் நடக்கிறது. ஆனால் தாளிக்கும் வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் கனவில் கைகால் வீசுவதும் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வரக்கூடும் என்பதற்கு இது நல்ல விளக்கம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு: லெவோடோபா டோபமைன் குறையை மட்டும் சரிசெய்யும். சமநிலை, பேச்சு, விழுங்குதல், ரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றில் வேறு மூளை ரசாயனங்களுக்கும் பங்கு உண்டு. அங்கே மாத்திரையைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பதில் பெரிய பலன் இராது.

---

காவிரிக்கரை_மருந்தாளுநர்

வேறு நோய்க்குக் கொடுத்த மாத்திரை டோபமைனை அடைத்து வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள்.

லெவோசல்பிரைடு: பேன்டோபிரசோல், ராபிபிரசோல் "கேஸ் கேப்ஸ்யூல்"களுக்குள் சேர்ந்து வரும். இதுதான் பலர் கண்ணில் படாமல் தப்புவது.
மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின்: வாந்திக்கு.
சின்னரிசின், ஃபுளூனரிசின்: தலைச்சுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்.

பார்க்கின்சனே இல்லாதவருக்கும் இவை பார்க்கின்சன் மாதிரியே கொண்டுவரும். நிறுத்திய மறுநாள் சரியாகாது, வாரங்கள் ஆகலாம், சிலருக்கு மாதங்கள். வாந்திக்கு டாம்பெரிடோன் 10 மி.கி. மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் இ.சி.ஜி. பார்த்துத்தான் தர வேண்டும். ஆன்டான்செட்ரானும் தரலாம்.

ரசாஜிலின் (இதுவும் பார்க்கின்சன் மாத்திரைதான்) எடுப்பவர்கள் இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் இருக்கிறதா பாருங்கள். வலிக்கு டிரமடாலும் கூடாது.

---

இயன்முறை_கோவை

நடை பற்றி. கால் தரையில் ஒட்டிக்கொள்வதற்கு "உறைதல்" என்போம். வாசற்படி, லிஃப்ட் கதவு, திரும்பும் இடம், கட்டிலுக்கு இரண்டடி முன்னால், இங்கேதான் வரும். முதலில் எந்த வகை என்று பிரியுங்கள். மாத்திரையின் வேலை இறங்கும் நேரத்தில் மட்டும் வந்தால் அது நேரப் பிரச்சினை, வேளைகளை நெருக்கினால் குறையும். மாத்திரை முழுதாக வேலை செய்யும் நேரத்திலும் வந்தால் கூட்டுவதில் பயன் குறைவு, பயிற்சிதான் வழி.

உறைந்தவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பு முன்னால் வரும், கால் வராது, முகம் குப்புற விழுவார். நிற்கச் சொல்லுங்கள். எடையை இடது வலது என்று இரண்டு மூன்று முறை மாற்றச் சொல்லுங்கள். பிறகு உங்கள் பாதத்தை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, அதைத் தாண்டி ஒரு பெரிய அடி வைக்கச் சொல்லுங்கள். அதுவரை ஓர் அங்குலம் நகராத கால் பளிச்சென்று எழும்பும். பழக்கத்தில் தானாக நடக்கும் பாதைதான் கெட்டிருக்கிறது. கண்ணால் பார்த்து, குறி வைத்து நடக்கும் பாதை வேறு, அது பெரும்பாலும் நன்றாக இருக்கிறது.

வீட்டில் உறையும் இடங்களில் தரையின் நிறத்துக்கு மாறான டேப்பைக் குறுக்குக் கோடுகளாக, 40–50 செ.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். நடக்கும் திசையில் நீளமாக ஒட்டினால் பயனில்லை. போனில் மெட்ரோனோம் வைத்துக்கொள்ளலாம். அவர் நன்றாக நடக்கும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி அதே வேகத்தில் வையுங்கள், வேகமாக வைத்தால் குட்டி குட்டி அடியாக ஓடத் தொடங்கிவிடுவார். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலக் கூடாது, அரைவட்டமாக நாலைந்து அடி எடுத்துத் திரும்ப வேண்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், கையில் காபி டம்ளர் கொடுக்காதீர்கள்.

சாதாரண நாலு சக்கர வாக்கர் இவர்களுக்கு ஆபத்து, முன்னால் ஓடிவிடும். அழுத்தினால் நகர்கிற, விட்டால் நிற்கிற தலைகீழ் பிரேக் வகை வேண்டும்.

---

நரம்பியல்_வாசகன்

இயன்முறை சொன்னதோடு ஒன்று. நோய் தொடங்கிய முதல் வருடத்திலேயே பின்பக்கமாக விழ ஆரம்பித்தால், படி இறங்கும்போது கீழே பார்க்க முடியாமல் தடுமாறினால், தட்டில் இருப்பதைச் சிந்தினால், அது பார்க்கின்சன்தானா என்று திரும்பக் கேளுங்கள். பி.எஸ்.பி. என்ற வேறு நோய், 1964-இல் டொராண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஸெவ்ஸ்கி மூவரும் விவரித்தது. அதில் லெவோடோபா பெரிதாகக் கேட்காது.

---

யாழ்_தாதி

எழும்பும்போது வரும் தலைச்சுற்றைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. குளிசையைக் கூட்டினால் இது கூடும் என்பதால் முதலே அளந்து வைத்திருக்க வேணும்.

அளக்கும் முறை: 5 நிமிடம் படுக்க வைத்து பிரஷர் எடுங்கோ. பிறகு எழுப்பி நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் எடுங்கோ. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம். இருந்தபடி எடுத்து "நோர்மல்" எண்டு எழுதுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் இன்னொருக்கால் எடுத்துப் பாருங்கோ. பெரிய சோற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு சிலருக்கு இன்னும் இறங்கும்.

தலைச்சுற்று எண்டு எல்லாரும் சொல்ல மாட்டினம். கழுத்தும் தோளும் நோகுது, கண் மங்குது, நிண்டவுடன் கதை குழம்புது, இப்படியும் வரும். படுத்தால் தெளியும். இதை மறதி நோய் எண்டு எழுதிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது: பழைய பிரஷர் குளிசையும், புரொஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசினும் இன்னும் தேவையா எண்டு வைத்தியரிடம் கேட்க வேணும், முதல் வேலை அது. இருதயம், சிறுநீரகம் நல்லா இருந்தால் காலையில் எழும்ப முதல் 300–500 மி.லீ. தண்ணீரைச் சில நிமிடத்துக்குள் குடிக்கலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு 6 அங்குலக் கட்டை வையுங்கோ, தலையணை அடுக்குவது அதற்கு ஈடில்லை. பிரஷரை ஏத்தும் மிடோட்ரின் தந்திருந்தால் கடைசிக் குளிசை படுக்க 4 மணித்தியாலம் முன்னம் முடிந்திருக்க வேணும், இல்லாவிட்டால் படுக்கையில் பிரஷர் ஏறும்.

---

தென்னந்தோப்பு

மூலையில் ஆள் நிற்பது போல் தெரிவது? இதற்கு உடனே மனநல மாத்திரை எழுதுகிறார்கள்.

---

மனநலப்_பிரிவு

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். அவசரத்தில் அதிகம் கெடுவது இங்கேதான்.

தொடக்கத்தில் மெல்லிய வகை வரும். பக்கத்தில் யாரோ இருப்பதாகத் தோன்றும், திரும்பினால் இல்லை. ஓரக்கண்ணில் பூனை போகும். தொங்கும் துண்டு ஆளாகத் தெரியும். அவருக்கே அது நிஜமில்லை என்று தெரிந்திருந்தால், பயம் இல்லையென்றால், மருந்து தேவையில்லை. ராத்திரி விளக்குப் போடுங்கள், துண்டை எடுத்துவிடுங்கள், கண்புரை இருந்தால் பாருங்கள்.

திடீரென்று இரண்டு நாளில் மோசமானால் அது நோயின் வேகம் இல்லை. இந்த நோய் அப்படி ஓடாது. யூரின் இன்ஃபெக்ஷன், நெஞ்சில் சளி, நீர்ச்சத்துக் குறைவு, சோடியம் குறைவு, நாலு நாள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகச் சேர்த்த மாத்திரை. இவற்றைத் தேடி முடித்த பிறகுதான் அடுத்த படி.

அடுத்த படி சேர்ப்பது இல்லை, கழிப்பது. பார்க்கின்சன் மாத்திரைகளைக் குறைக்க டாக்டர்கள் வழக்கமாகப் போகும் வரிசை: முதலில் டிரைஹெக்ஸிஃபெனிடில், பிறகு அமன்டடின், பிறகு ரசாஜிலின், பிறகு பிரமிபெக்ஸோல் அல்லது ரோபினிரோல். லெவோடோபா கடைசி. எதையும் வீட்டில் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

அப்புறமும் பயமும் சந்தேகமும் இருந்தால்தான் குவெடியாபின் என்ற மனநல மாத்திரை, அதுவும் ராத்திரி 12.5 மி.கி.யில் தொடங்கி. அதில் அடங்காதவர்களுக்கு குளோசபின், வெள்ளையணு எண்ணிக்கையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு. ஹாலோபெரிடால் ஊசி கூடவே கூடாது. ரிஸ்பெரிடோன், ஓலன்ஸபினும் அப்படியே. லூயி உருண்டை மறதி நோயில் ஒரே ஒரு ஊசியில் உடம்பு கட்டையாகி, மயங்கி, உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். மருத்துவமனை ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். ராத்திரிப் பணியில் இருப்பவருக்கு வரலாறு தெரியாது.

மறதி முதலில் வந்ததா, நடுக்கம் முதலில் வந்ததா என்பதும் கேட்பார்கள். உடல் அறிகுறி வந்து ஒரு வருடத்துக்குப் பிறகு மறதி வந்தால் பார்க்கின்சன் மறதி நோய். அதற்கு முன்பே, அல்லது கூடவே வந்தால் லூயி உருண்டை மறதி நோய். வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். மறதிக்கு, தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் பேட்ச் 4.6 மி.கி.யில் தொடங்கி, குறைந்தது நாலு வாரம் கழித்து 9.5. மேல்முதுகில் ஒட்டுங்கள், அவர் கை எட்டாது. பழையதை எடுத்த பிறகே புதியது. இரண்டும் ஒட்டியிருந்தால் வாந்தி, நாடித்துடிப்பு குறைவு. அதே இடத்தில் 14 நாளுக்கு ஒட்டக் கூடாது.

மறதி என்று சொன்னாலும் இது அல்சைமர் மாதிரி இல்லை. அங்கே காலையில் நடந்தது பதிவதே இல்லை. இங்கே பெரும்பாலும் பதிந்திருக்கும், எடுக்கத்தான் நேரமாகும். குறிப்புக் கொடுத்தால் வந்துவிடும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நாலு வினாடியில் அடுத்த கேள்வியைப் போட்டால் முதல் கேள்விக்கான பதில் அங்கேயே அறுந்துபோகும். "சாப்பிட இட்லியா தோசையா உப்புமாவா" என்பதற்குப் பதில் "இட்லி வைக்கட்டுமா" என்று ஒன்றைக் கேளுங்கள். முகத்தில் உணர்ச்சி தெரியாததால் கோபம், அலட்சியம் என்று வீட்டில் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். முகத்தசை அசையவில்லை, அவ்வளவுதான். உள்ளே என்ன என்று கேட்டால்தான் தெரியும்.

பதற்றம் வந்தாலும் குறிப்பேட்டைப் பாருங்கள். மாத்திரை இறங்கும் நேரத்தோடு ஒத்துப்போனால் அது மருந்து தேய்வதன் அறிகுறி, தூக்க மாத்திரைக்கு வேலை இல்லை.

கடைசியாக, பிரமிபெக்ஸோல், ரோபினிரோல். சிலருக்கு அடக்க முடியாத உந்துதல் வரும். ஆன்லைன் ரம்மி, லாட்டரி, தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது, பாலுணர்வு மிகுதி. வெட்கப்பட்டு மறைப்பார்கள். வங்கிக் கணக்கைப் பார்ப்பவர் யாரோ அவரிடமும் டாக்டர் பேச வேண்டும். திட்டித் தீராது, மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் தீரும்.

---

மலைக்கோட்டை77

டிரைஹெக்ஸிஃபெனிடிலை எல்லோரும் வில்லனாக்குகிறீர்கள். நடுக்கத்துக்கு லெவோடோபாவை விட அது கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2 மி.கி., விலையும் சல்லிசு.

---

மனநலப்_பிரிவு

45 வயது, நடுக்கம் மட்டும், நினைவு தெளிவு என்றால் ஆட்சேபம் இல்லை. 70 வயதில் அதே மாத்திரை நினைவைக் கலைக்கும், சிறுநீரை அடைக்கும், மலச்சிக்கலைக் கூட்டும். ரிவாஸ்டிக்மின் கூட்டுகிற அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தை இது அடைக்கும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதியிருந்தால் அவசியம் கேளுங்கள்.

---

மலைக்கோட்டை77

சரி, பூனைக்காலி? இயற்கை லெவோடோபாதானே?

---

காவிரிக்கரை_மருந்தாளுநர்

உண்மைதான், அதுவும் நம்ம ஊர் வேலை. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்து 1937-இல் வெளியிட்டவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும். 2004-இல் வெளிவந்த லண்டன் சோதனையில், 8 பேரிடம், 30 கிராம் விதைப்பொடி 200/50 (லெவோடோபா 200, கார்பிடோபா 50) மாத்திரையை விட வேகமாக வேலை தொடங்கியது.

சிக்கல் அளவில்தான். விதைக்கு விதை லெவோடோபா மாறும், பொடி டப்பாவில் எவ்வளவு என்று நம்ப முடியாது. கார்பிடோபாவும் கிடையாது, குமட்டல் கூடும். ஏற்கெனவே 125 நாலு வேளை எடுப்பவர் இரண்டு ஸ்பூன் பொடியையும் சேர்த்தால் அது மறைவான கூடுதல் டோஸ். உடம்பு நெளிவதும் பிரமையும் "திடீரென்று" வரும், காரணத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

---

பேச்சுப்பயிற்சி_சேலம்

விழுங்குதல். ரசம் சாதம்தான் மென்மை என்று எல்லோரும் அதைக் கொடுக்கிறார்கள். அதுதான் கஷ்டமான உணவு. நீர் முதலில் ஓடி மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும், பருக்கை வாயிலேயே நிற்கும். குழைத்துப் பிசைந்த தயிர் சாதம், கெட்டியான கூழ், ஊறிய இட்லி நல்லது. உதிரும் புட்டு, அவல், முறுக்கு வேண்டாம்.

மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் சாப்பாடு. நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாயைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஒரு வாய்க்கு ஒரு தேக்கரண்டி, அடுத்த வாய்க்கு முன் இரண்டு முறை விழுங்க வேண்டும். சாப்பிட்டு 30 நிமிடம் படுக்கக் கூடாது. தண்ணீர் குடித்த பிறகு "ஆ" சொல்லச் சொல்லுங்கள், குரல் கொளகொளவென்று ஈரமாக இருந்தால் உள்ளே போயிருக்கிறது. இருமல் வராததால் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள், சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போகும். எச்சில் வழிவதும் அதிகம் சுரப்பதால் அல்ல, விழுங்கும் எண்ணிக்கை குறைவதால்.

---

தென்னந்தோப்பு

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்கு முந்தைய ராத்திரி "வாய்வழி எதுவும் கூடாது" என்றால் இந்த மாத்திரை?

---

காவிரிக்கரை_மருந்தாளுநர்

மயக்க மருந்து டாக்டரிடம் முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள். பொதுவாக ஒரு வாய் தண்ணீரோடு அந்த வேளை மாத்திரையை அனுமதிப்பார்கள். அறுவை முடிந்து விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாம். சாதாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைக்கலாம், சி.ஆர். என்று போட்டிருப்பதை நசுக்கக் கூடாது. அப்படி நசுக்கினால் மெதுவாக வர வேண்டியது ஒரே அடியாக இறங்கும். குழாய் உணவிலும் புரதம் உண்டு, அதற்கும் மாத்திரைக்கும் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

மாத்திரை ஒரேயடியாக நின்றுபோனால் காய்ச்சல் ஏறும், உடம்பு பலகை போல் இறுகும், நினைவு குழம்பும், ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. உயரும். கிருமித் தொற்று என்று மட்டும் நினைத்து ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது "லெவோடோபா எத்தனை வேளை விட்டுப்போனது?" என்று நீங்களே கேளுங்கள். வார்டில் 8–2–8 என்று மருந்து வண்டி வரும். அவருடைய நேரம் 6, 10, 2, 6 என்றால் மருத்துவமனையில் சேர்க்கும்போதே அந்த நாலு நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள்.